பிள்ளையிடம் சொன்னால் பொய் இல்லையா?

மஃரிபு பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. உம்மா ஒளுச் செய்துவிட்டு வந்து முஸல்லாவை விரிக்கிறார். இரண்டரை வயதுப் பிள்ளை ஓடி வந்து அவருடைய துப்பட்டியைப் பற்றிக்கொண்டு, தூக்கச் சொல்லி அழுகிறது. மஃரிபின் நேரமோ குறுகியது. அடுப்பில் வேறு ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. "என் வாப்பால்ல, இங்கேயே உட்காரு. உம்மா தொழுது முடிச்சதும் மிட்டாய் தருவேன்" என்கிறார். வீட்டில் மிட்டாய் இல்லை. இல்லை என்பது அவருக்கும் தெரியும். பிள்ளை நம்பி உட்காருகிறது. உம்மா கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டுகிறார்.

மூன்று ரக்அத்துகளும் நிறைவேறுகின்றன. ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது பிள்ளை மிட்டாயை மறந்து போயிருந்தால் நல்லதாயிற்று. மறக்காவிட்டால், "அதைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டதே" என்று இன்னொன்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இந்தக் காட்சி நம்மில் எவருக்கும் புதிதன்று. உம்மா என்று எழுதிவிட்டோமே தவிர, வாப்பாமார்களும் இதில் சளைத்தவர்களல்லர். கடைத்தெருவில் பிள்ளை பொம்மை கேட்டு அடம் பிடித்தால், "நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறோம். அந்த நாளை வருவதேயில்லை. இவற்றையெல்லாம் நாம் பொய் என்று எண்ணுவதில்லை. பொய் என்றால் வியாபாரத்தில் சொல்வது, சாட்சிக் கூண்டில் சொல்வது, கடன் கொடுத்தவரிடம் சொல்வது. பிள்ளையிடம் சொல்வது வெறும் தாஜா. அது யாருக்கும் நஷ்டம் விளைவிக்காது என்பது நம்முடைய கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வியை நாம் புதிதாகக் கிளப்பவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வீட்டில் அமர்ந்திருந்தபோதே இதற்கு விடை கிடைத்துவிட்டது. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் அப்போது சிறு பிள்ளை. விளையாட வெளியே ஓடிய பிள்ளையை அவருடைய தாயார், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்ற பொருளில் அழைத்தார். அதைச் செவியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், அவனுக்கு என்ன கொடுக்க நாடினீர் என்று அந்தத் தாயாரிடம் வினவினார்கள். பேரீச்சம் பழம் கொடுக்க எண்ணியதாக அவர் சொன்னார். நீர் எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெரிவித்தார்கள். இது அபூதாவூதில் இடம்பெற்றுள்ள ஹதீது. மிம்பரிலிருந்து பலமுறை நாம் கேட்டிருக்கக் கூடியதுதான்.

கேட்டுப் பழகிவிட்டதால் இதில் இரண்டு விஷயங்களை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். முதலாவது, பெருமானார் அத்தாயாரைக் குற்றம் சாட்டவில்லை. என்ன கொடுக்கப் போகிறீர் என்று கேள்விதான் கேட்டார்கள். அவர் உண்மையாகவே பழம் கொடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தார். ஆகவே அங்கே பொய் நிகழவே இல்லை. நிகழ்ந்திருந்தால் அது எத்தகையது என்பது மட்டுமே அறிவிக்கப்பட்டது. இரண்டாவது, இந்த ஹதீதை நமக்கு அறிவிப்பவர் யார்? அந்தத் தாயார் அல்லர். அந்தச் சிறு பிள்ளைதான்! விளையாட்டுக்கு ஓடிய பிள்ளை, தன்னை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பதை நினைவில் வைத்திருந்து, வளர்ந்து பெரியவரான பின் எடுத்துச் சொல்கிறார். 'அதுக்கு என்ன தெரியும், அது மறந்துவிடும்' என்று நாம் சொல்லும் பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இன்னும் ஒன்று. பருவமடையும் வரை பிள்ளையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாரும் அறிந்த சட்டம். பிள்ளை எதைச் செய்தாலும் அதன் ஏட்டில் குற்றம் எழுதப்படுவதில்லை. இந்தச் சலுகையை நாம் நம்மை அறியாமலேயே நம் பக்கமும் இழுத்துக்கொள்கிறோம் போலும். பிள்ளையோடு பேசும் பேச்சு பிள்ளைப் பேச்சு. அது எந்த ஏட்டிலும் ஏறாது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் உயர்த்தப்பட்டது பிள்ளையின் எழுதுகோல் மட்டுமே. பேசுகிற நமக்கு எழுதுகோல் இறங்கித்தான் இருக்கிறது. பேரீச்சம் பழ ஹதீதில், எழுதப்படும் என்ற சொல்லே வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

சிலர் கேட்கக்கூடும்: மார்க்கத்தில் பொய்க்கு இடமளிக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் இருக்கின்றனவே, பிள்ளையைச் சமாதானப்படுத்துவதும் அவற்றில் ஒன்றாகாதா என்று. நியாயமான கேள்விதான். ஹதீதுகளில் மூன்று இடங்கள் கூறப்பட்டுள்ளன: போர்க்களம், பிணங்கிய இருவரைச் சேர்த்து வைத்தல், கணவன் மனைவி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பேச்சு. குடும்பத்திற்குள் நடக்கும் விஷயம் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. கணவன் மனைவிக்கு இடையே உள்ள மென்மை கணக்கில் கொள்ளப்பட்டிருக்கிறது. அவ்வளவு அருகில் வந்தும் பிள்ளை அதில் சேர்க்கப்படவில்லை. ஏன் என்று நாம் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தோன்றுவதைச் சொல்லலாம். எதிரிக்கு எதிரியின் பேச்சைச் சோதித்துப் பார்க்கத் தெரியும். மனைவிக்குக் கணவனின் புகழ்ச்சியை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நன்றாகவே தெரியும்! பிள்ளைக்கு அந்தத் தராசு இல்லை. நாம் சொல்வதை அப்படியே விழுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. இவ்வளவு முழுமையாக நம்மை நம்புகிற ஒரு ஜீவன் இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அப்படியானால் பிள்ளைகளோடு விளையாடுவதும் கதை சொல்வதும் கூடாதா என்று அஞ்ச வேண்டியதில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு இடையில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று பெருமானார் வினவ, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று ஹதீதில் வருகிறது. மரப்பாச்சிக்குச் சோறு ஊட்டும் சிறுமிக்கு அது உண்மையில் உண்ணாது என்பது தெரியும். தலையணையைக் குதிரையாக்கி ஏறி உட்காரும் பையனுக்கும் தெரியும். அங்கே இருவரும் அறிந்தே ஆடுகிறார்கள். மிட்டாய் விஷயத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சிறிய வேறுபாடு அன்று.

'பிறகு தொழுவது எப்படி?' என்று இவ்விடத்தில் ஒரு தாய் கேட்டால் அவரை நாம் குறை கூறமாட்டோம். உபதேசம் எழுதுவது எளிது. அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்று ரக்அத் தொழுவது எளிதன்று. ஆனால் மார்க்கம் இங்கே நம்மைத் திக்கற்றவர்களாக விட்டுவிடவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மக்களுக்கு இமாமாக நின்று தொழுவித்தபோதே, தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் பெண் பிள்ளை உமாமாவைத் தோளில் சுமந்திருந்தார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கி வைத்தார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். ஒருமுறை பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால் ஸுஜூதையே நீட்டினார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் ஓசை கேட்டால், அதன் தாய் தவிப்பாரே என்று தொழுகையைச் சுருக்கியதும் உண்டு. தோளில் சுமக்கலாம், நீட்டலாம், சுருக்கலாம். இத்தனை வழி திறந்திருக்கிறது. பிள்ளையை ஏமாற்றிவிட்டுத் தக்பீர் கட்டுவது இவற்றில் எங்கும் இல்லை.

மிட்டாயைவிடக் கனமான ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. 'இன்ஷா அல்லாஹ்' என்னும் சொல்லை நாம் பிள்ளைகளிடம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி சூரத்துல் கஹ்ஃபில் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. செய்யும் உறுதியோடு சொல்ல வேண்டிய சொல் அது. நம் வீடுகளிலோ, வாங்கித் தருவதாக உத்தேசமில்லாதபோதுதான் அது அதிகமாக வருகிறது. "வாப்பா, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போவோமா?" "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்." நாலைந்து முறை இப்படி ஆன பிறகு, அந்தச் சொல்லுக்கு 'இல்லை' என்பதே பொருள் என்று பிள்ளை தானாகவே கற்றுக்கொள்கிறது. நமக்குத் தெரிந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, "இன்ஷா அல்லாஹ் சொல்லாதீங்க, சரின்னு சொல்லுங்க!" என்று அழுதாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லாஹ்வின் பெயர் சேர்ந்த ஒரு சொல், கைவிரிப்பதற்கான சொல்லாக ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பதிந்துபோயிருக்கிறது. அதைப் பதித்தது மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாது அல்லர்.

மிரட்டுவதும் இந்த வகையில்தான் சேரும். பொய் சொன்னால் அல்லாஹ் கண்ணைக் குத்திவிடுவான், சோறு உண்ணாவிட்டால் அல்லாஹ் நெருப்பில் போட்டுவிடுவான் என்கிறோம். பிள்ளையின் மீது குற்றமே எழுதாத ரப்பைப் பற்றி, அவன் சொல்லாத ஒன்றை அவன் பெயரால் சொல்கிறோம். இது சாதாரணப் பொய்யை விடப் பல மடங்கு பயங்கரமானது. இதைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. டாக்டரும் போலீஸ்காரரும் உஸ்தாதும் நம் வாயில் பூச்சாண்டிகளாகிறார்கள். பிறகு தடுப்பூசி போடப் போகும்போதும் ஓதப் போகும்போதும் பிள்ளை ஏன் இப்படி அலறுகிறது என்று வியக்கிறோம்! மஃரிபு நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று பாட்டிமார்கள் சொல்வது மட்டும் இதில் சேராது. அது ஸஹீஹான ஹதீதில் உள்ளதுதான். ஆனால் இரவில் சற்று நேரம் சென்றதும் அவர்களை விட்டுவிடலாம் என்றும் அதே ஹதீதில் இருக்கிறது. அந்தப் பிற்பகுதியைப் பாட்டிமார்கள் ஏனோ சொல்வதில்லை.

சொன்னபடி செய்ய முடியாமல் போவதும், செய்யும் எண்ணமே இல்லாமல் சொல்வதும் ஒன்றல்ல. இதை உலமாக்கள் பிரித்தே காட்டுகிறார்கள். கடற்கரைக்குக் கூட்டிச் செல்ல உண்மையாகவே நினைத்திருந்தோம். மழை வந்துவிட்டது, அல்லது வேலை வந்துவிட்டது. அதில் பொய் இல்லை. ஆனால் அப்போதும் பிள்ளையிடம் போய், சொன்னோம், முடியவில்லை, வருத்தமாயிருக்கிறது என்று சொல்லலாமே. பெரிய மனிதர் ஒருவருக்கு இவ்வாறு சொல்லத் தவறினால் நமக்கு வெட்கமாயிருக்கும். பிள்ளைக்கு அந்த ஹக்கு இல்லை என்று எவர் சொன்னது?

இதுவரை சொன்னது மிட்டாயும் பொம்மையும் கடற்கரையும். இனிச் சொல்லப் போவது அவ்வளவு இலேசானதன்று. நமக்கு நெருங்கிய உறவினர் வீட்டில் நடந்தது. அந்த வீட்டு வாப்பா சபரில், சவூதியில் இருப்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார். பிள்ளைக்கு அப்போது வயது நான்கு. அந்த இரண்டு மாதமும் அவன் வாப்பாவின் தோளிலிருந்து இறங்கவே இல்லை. புறப்படும் நாள் வந்தது. விழித்திருந்தால் அழுவான், போகிறவர் மனமும் உடைந்துவிடும், ஆகவே தூங்கிய பிறகு கிளம்பட்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அப்படியே நடந்தது. காலையில் எழுந்து அவன் தேடினான். "வாப்பா கடைக்குப் போயிருக்காங்க. உனக்கு சைக்கிள் வாங்கிட்டு வருவாங்க" என்று சொன்னார்கள்.

அன்று முழுவதும் அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மறுநாளும் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள் பெரியவர்கள். ஆனால் அதன் பிறகு அவன் தூங்க மறுத்தான். உம்மாவின் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டுதான் கண் மூடுவான். உம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எவர் சொன்னாலும், பால் வாங்கப் போகிறவர் சொன்னாலும், வீடே அதிரும்படி அழுவான். போனில் வாப்பா கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தூங்கினால் மனிதர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்பதும், கடைக்குப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பதும் அந்த வீட்டில் அவன் கற்ற பாடம். அந்தப் பாடம் தப்பு என்று அவனுக்கு எப்படி விளக்குவது? அவன் கண்ணால் கண்டதல்லவா!

அந்தப் பெரியவர்கள் கல் நெஞ்சுக்காரர்கள் அல்லர். ஒரு பிள்ளையின் அழுகையைத் தவிர்க்க நினைத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். இந்த இடத்தில்தான் நம் கேள்வி உண்மையிலேயே கடினமாகிறது. வியாபாரத்தில் சொல்லும் பொய்யைப் பேராசை என்று ஒதுக்கிவிடலாம். அன்பினால் சொல்லும் பொய்யை என்ன செய்வது?

இதை எண்ணும்போது நம் உள்ளம் இப்ராஹீம் (அலை) அவர்களிடம் செல்கிறது. ஒரு தந்தை தன் பிள்ளையிடம் மறைக்கத் தக்க செய்தி என்று உலகில் ஒன்று இருக்குமானால், அது அவர்களிடம் இருந்த செய்திதான். வா, விளையாடப் போகலாம் என்று சொல்லி அழைத்துச் சென்றிருக்கலாம். ஆனால் சூரத்துஸ் ஸாஃப்ஃபாத் நமக்குக் காட்டுவது வேறு. தாம் கனவில் கண்டதைப் பிள்ளையிடமே சொன்னார்கள். உன் கருத்து என்ன என்று கேட்கவும் செய்தார்கள். உங்களுக்குக் கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்ற கருத்தில் அந்த மைந்தர் பதில் சொன்னார். நம் வீட்டில் 'இல்லை' என்று பொருள்படும் அந்தச் சொல் அந்தப் பிள்ளையின் வாயில் எப்படி வந்திருக்கிறது பாருங்கள். திருக்குர்ஆன் இஸ்மாயீல் (அலை) அவர்களை வேறோரிடத்தில் நினைவுகூரும்போது, வாக்குறுதியில் உண்மையாளராக இருந்தார் என்பதை முதலில் எடுத்துச் சொல்கிறது. உண்மை சொல்லப்பட்ட பிள்ளை வாக்கில் உண்மையாளரானார் என்று நாமாக முடிச்சுப் போடத் துணியவில்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்து நம் நினைவில் நிற்கின்றன.

நபிமார்களின் உயரம் நமக்கு எட்டாது என்பவர்களுக்கு ஒரு சாதாரண வீட்டையும் காட்டலாம். உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வீடு. அங்கே அபூ உமைர் என்று அழைக்கப்பட்ட ஒரு சிறுவர் வளர்த்த குருவி இறந்துவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் வந்தபோது அவர் துக்கமாக இருந்தார். நம் வீடாயிருந்தால் குருவி பறந்து போயிருக்கிறது, நாளைக்கு வரும் என்று சொல்லியிருப்போம். பெருமானார் அப்படிச் சொல்லவில்லை. குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவருடைய பெயரோடு எதுகையாக வரும்படிச் செல்லமாக விசாரித்தார்கள். குருவி திரும்பி வராது. ஆனால் தம் குருவியைப் பற்றிக் கேட்க அல்லாஹ்வின் தூதரே இருக்கிறார்கள் என்பது அந்தச் சிறுவருக்குக் கிடைத்தது.

அதே உம்மு ஸுலைம் அவர்களின் பிள்ளை ஒன்று மரணமடைந்த இரவில், களைத்து வந்த கணவர் அபூ தல்ஹா (ரலி) அவர்கள் பிள்ளை எப்படி என்று கேட்டார். அமைதியடைந்துவிட்டது, ஓய்வு பெற்றிருக்கும் என்று நம்புகிறேன் என்னும் கருத்தில் அம்மையார் விடையளித்தார். விடிந்த பிறகே விவரம் சொன்னார். உண்மையை எந்த நேரத்தில், எந்தச் சொல்லில் சொல்வது என்பதற்கு இடமிருக்கிறது. ஆனால் அவர் பயன்படுத்திய ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்தது. விடிந்ததும் முழுவதும் சொல்லப்பட்டும் விட்டது. பாட்டி மவுத்தாகிவிட்டால், "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லி வரும் வீடுகள் இதைத் தமக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது.

அந்த உறவினர் வீட்டு விஷயத்திற்கு வருவோம். வாப்பா அடுத்த விடுப்பில் வந்தபோது பிள்ளைக்கு ஆறு வயது. இந்த முறை அந்தத் தாய் பெரியவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. காலண்டரை எடுத்து வைத்து, வாப்பா போகும் நாள் இது என்று அவனிடமே வட்டமிடச் சொன்னார். ஏன் போகிறார், எவ்வளவு காலம் கழித்து வருவார் என்று தெரிந்த மட்டும் சொன்னார். எப்போது வருவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாததை, சொல்ல முடியாது என்றே சொன்னார். அந்த நாள் நெருங்க நெருங்கப் பையன் முரடனாகிப் போனான். ஒருநாள் காலண்டரையே கிழித்தான். விமான நிலையம் வரை அவனையும் கூட்டிச் சென்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வாப்பா மறையும் வரை கையாட்டினான். பிறகு வீடு வரும் வரையில் அழுதான். இதற்குத்தான் நாங்கள் சொன்னோம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். தாயிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவரும் அழுதார்.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவன் வாசலுக்கு ஓடவில்லை. படுக்கையிலிருந்தபடியே, "வாப்பா இப்ப சவூதிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாங்களா உம்மா?" என்று கேட்டான். தாய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சேர்ந்திருப்பார்கள் என்றார்.